மீத்தேன் கணக்கில் விடுபடும் எண்கள்: மக்கும் குப்பையின் எரிவாயுத் திறனை எப்படி அளக்கிறார்கள்?

நகரத்தின் மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டங்கள் இன்று மாநகராட்சிகள்தோறும் பேசப்படுகின்றன. காய்கறிக் கழிவும் மீந்த சோறும் மீன் செதிலும் மூடிய தொட்டிக்குள் சென்று மீத்தேனாக வெளிவரும் என்றும், அது பேருந்தை ஓட்டும், அடுப்பை எரிக்கும், மின்சாரம் தரும் என்றும் திட்ட அறிக்கைகள் கூறுகின்றன. அறிவியல் அடிப்படையில் இதில் பிழையில்லை. ஆனால் ஒவ்வோர் அறிக்கையின் மையத்திலும் ஓர் எண் இருக்கிறது: ஒரு டன் குப்பைக்கு இத்தனை கனமீட்டர் வாயு. முதலீடு, மானியம், ஒப்பந்தக் காலம், ஒப்பந்ததாரருக்குத் தரவேண்டிய கட்டணம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணின் மீதே நிற்கின்றன.

அந்த எண் எவ்வாறு பிறக்கிறது, யாருடைய உழைப்பைச் சொல்லாமல் உள்ளடக்கிக்கொள்கிறது, எந்த ஆபத்தைக் கணக்குக்கு வெளியே வைக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குப்பையோடு பிறப்பால் பிணைக்கப்பட்ட சமூகங்களுக்கு இது தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. குப்பை எவ்வளவு வாயு தரும் என்ற கேள்விக்கு, அதை யார் பிரிக்கிறார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு விடை சொல்ல இயலாது.

ஒரே வேதியியல், வெவ்வேறு இடங்கள்

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் உயிர்ப்பொருளைச் சிதைக்கும்போது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு உண்டாகிறது. இதுவே உயிரி எரிவாயு. இதில் மீத்தேன் பொதுவாக 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தே வரும். குப்பைமேட்டின் அடியாழத்திலும், பாதாளச் சாக்கடையிலும், மலக்குழியிலும், செரிகலன் எனப்படும் காற்றுப்புகாத் தொட்டியிலும் நடப்பது இதே செயல்தான். மலக்குழிக்குள் இறங்கிய தொழிலாளி நச்சுவாயு தாக்கி இறந்தார் என்று செய்தித்தாள்களில் நாம் வாசிக்கும் வாயுவும், பசுமை எரிபொருள் என்று விளம்பரம் செய்யப்படும் வாயுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

குப்பைமேட்டில் எவ்வளவு மீத்தேன் உருவாகும் என்பதை மதிப்பிட, ஐ.நா.வின் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு (ஐ.பி.சி.சி.) ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதன் இயல்பு மதிப்புகளைக் கொண்டு கணக்கிடுவோம். ஈரமான உணவுக்கழிவு 1,000 கிலோ எடுத்துக்கொண்டால், சிதையக்கூடிய கார்பன் அதில் 15 விழுக்காடு, அதாவது 150 கிலோ. அதில் பாதி, 75 கிலோ, உண்மையில் சிதையும். ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த, முறையான பராமரிப்பற்ற மேட்டில் 80 விழுக்காடு காற்றின்றிச் சிதைவதாகக் கொண்டால் 60 கிலோ. அதில் பாதி மீத்தேனாக மாறும்; எனவே 30 கிலோ கார்பன். ஒரு கார்பன் அணுவுடன் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்வதால் எடை 12-க்கு 16 என உயர்ந்து, 40 கிலோ மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. ஆக, மேட்டில் கொட்டப்படும் ஒரு டன் சோற்றுக்கழிவு, ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கேட்டை விளைவிக்கிறது.

சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கொட்டப்பட்டு வந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றி எரிந்து சுற்றுவட்டாரத்தைப் புகை சூழ்ந்தது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். எனவே மக்கும் குப்பையை மேட்டுக்கு அனுப்பாமல் செரிகலனுக்கு அனுப்ப வேண்டும் என்பதில் மேட்டருகே வாழும் மக்களுக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எந்த நிபந்தனையின் கீழ், யாருடைய செலவில் என்பதே கேள்வி.

மாதிரியைப் பிரிப்பது யார்?

அளவீடு தெருவில் தொடங்குகிறது. ஒரு நகரத்தின் குப்பை எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சந்தைப் பகுதிக் குப்பையில் தண்ணீரும் தழையும் மிகுதி. குடியிருப்புப் பகுதியில் சமைத்த உணவு மிகுதி. பண்டிகை நாளில் வாழையிலையும் பூவும். மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் சேறு. ஆகவே பல மண்டலங்களிலிருந்து, வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பருவங்களில் மாதிரி எடுக்க வேண்டும். வண்டியில் வந்த குப்பையைக் குவித்து, நன்கு கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவார்கள். கையாளத்தக்க அளவு வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். பின்னர் அதை உணவுக்கழிவு, தழை, தாள், நெகிழி, துணி, கண்ணாடி, மண் எனக் கையால் பிரித்து ஒவ்வொன்றையும் எடை போடுவார்கள்.

இந்தக் கடைசிச் செயல் முக்கியமானது. உடைந்த கண்ணாடி, ஊசி, பயன்படுத்திய நாப்கின், செத்த எலி ஆகிய அனைத்தையும் தொட்டுப் பிரித்த பின்னரே அறிக்கையில் “மக்கும் பொருள் இத்தனை விழுக்காடு” என்ற வரி எழுதப்படுகிறது. நெகிழி, கல், கண்ணாடி ஆகியன நீக்கப்பட்டு, அரைக்கப்பட்ட பொருளே அடுத்த கட்ட ஆய்வுக்குச் செல்கிறது. ஆய்வுக்கூடத்துக் குப்பிக்குள் நுழைவது தெருவின் குப்பை அன்று. மனிதக் கைகளால் பிரிக்கப்பட்ட குப்பை. அதாவது, வாயுத் திறனைக் குறிக்கும் எண்ணுக்குள் பிரிக்கும் உழைப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கான கூலி அறிக்கையில் எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

ஆய்வுக்கூடத்தின் இரு வெப்பநிலைகள்

முதலில் மாதிரியை 105 பாகை செல்சியசில் உலர்த்துவார்கள். நீர் போக எஞ்சுவது மொத்தத் திண்மம். சமையலறைக் கழிவில் இது பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு. பிறகு அதையே 550 பாகை உலையில் எரிப்பார்கள். எரிந்து மறைவது ஆவியாகும் திண்மம், எஞ்சுவது சாம்பல். நுண்ணுயிரிகளுக்கு உணவாகக் கூடியது ஆவியாகும் திண்மத்தில்தான் இருக்கிறது. நன்கு பிரித்த உணவுக்கழிவில், மொத்தத் திண்மத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வாறு எரிந்து மறையும். இந்த விழுக்காடு 70 அல்லது 60 என்று இறங்கியிருந்தால், மாதிரியில் தெருமண் கலந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு குறிப்பை மட்டும் நினைவில் வைத்தாலே எந்தத் திட்ட அறிக்கையையும் பாதியளவு சோதித்துவிடலாம்.

ஆனால் எரிவதெல்லாம் செரிவதில்லை. மரக்குச்சியும் தேங்காய் மட்டையும் உலையில் நன்றாக எரியும். செரிகலனுக்குள் அவற்றின் லிக்னின் அப்படியே கிடக்கும். நெகிழியும் 550 பாகையில் எரிந்து “ஆவியாகும் திண்மம்” என்றே கணக்கில் ஏறிவிடும். ஒரு துளி வாயுவும் தராது. ஆகவே எரித்துப் பார்ப்பது போதாது. செரிக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

குப்பி ஆய்வு

அதற்கான ஆய்வே உயிர்வேதி மீத்தேன் திறன் ஆய்வு. ஏற்கெனவே இயங்கும் செரிகலனிலிருந்து நுண்ணுயிரிகள் நிறைந்த சேற்றை எடுத்து, பாலில் உறைமோர் விடுவதுபோல, அளந்த குப்பையுடன் கலந்து குப்பியை மூடுவார்கள். விதைச்சேறு குப்பையைவிடக் குறைந்தது இருமடங்கு ஆவியாகும் திண்மம் கொண்டதாக இருக்க வேண்டும். இல்லையேல் அமிலம் பெருகி நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, 37 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். வெளிவரும் வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு கரைந்துவிடும், மீத்தேன் எஞ்சும். அன்றாட உற்பத்தி அதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழாகத் தொடர்ந்து மூன்று நாள்கள் இருக்கும்வரை ஆய்வு நீளும். பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும்.

நேர்மையான ஆய்வுக்கு மூன்று காவல்கள் உண்டு. முதலாவது, குப்பை இல்லாமல் விதைச்சேறு மட்டும் வைத்த வெற்றுக் குப்பி. சேறு தானாகத் தரும் வாயுவைக் கழிக்காவிட்டால் அதுவும் குப்பையின் பெயரில் சேர்ந்துவிடும். இரண்டாவது, தூய செல்லுலோஸ் வைத்த குப்பி. அதன் கோட்பாட்டு அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 414 லிட்டர் மீத்தேன் என்று தெரியும்; விளைவு அதைவிட வெகுவாகக் குறைந்தால் விதைச்சேறு சரியில்லை, கூடினால் அளவீடு சரியில்லை. மூன்றாவது, ஒவ்வொன்றையும் மும்முறை செய்தல். மேலும், வாயு வெப்பத்தில் விரியும் என்பதால், அளவு அனைத்தையும் 0 பாகை, ஒரு வளிமண்டல அழுத்தம், ஈரமற்ற வாயு என்ற பொது நிலைக்கு மாற்றியே எழுத வேண்டும். நம் ஊரின் 35 பாகை வெயிலில் அளந்த கனஅளவை மாற்றாமல் எழுதினால் வெப்பத்தினால் மட்டுமே ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதலாகத் தெரியும்.

பிரித்தெடுத்த உணவுக்கழிவு, ஆவியாகும் திண்மத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் பொதுவாக 350 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் தருகிறது. உயிரி எரிவாயு என்றால் அதில் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தது. இவ்விரண்டு அளவுகளையும் ஒன்றாகக் குழப்புவது அறிக்கைகளில் எளிதாக நேரும் பிழை; அந்தக் குழப்பத்தில் எண் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருத்துவிடும்.

ஒரு டன்னின் கணக்கு

இப்போது நாமே கணக்கிடலாம். வீட்டிலேயே பிரிக்கப்பட்ட உணவுக்கழிவு 1,000 கிலோ. மொத்தத் திண்மம் 25 விழுக்காடு என்றால் 250 கிலோ. அதில் 90 விழுக்காடு ஆவியாகும் திண்மம்: 225 கிலோ. கிலோவுக்கு 400 லிட்டர் என்றால் 90 கனமீட்டர் மீத்தேன். பெரிய செரிகலனில் குப்பி அளவுக்குச் செரிக்காது. 80 விழுக்காடு கிடைப்பதாகக் கொண்டால் 72 கனமீட்டர்.

அடுத்து, பிரிக்கப்படாத குப்பை 1,000 கிலோ. அதில் பாதி மக்கும் பொருள் எனக் கொள்வோம். கிடைக்கக்கூடிய மீத்தேன் உடனே 36 கனமீட்டராகக் குறைகிறது. ஆலையில் சல்லடையும் காந்தமும் கொண்டு பிரிக்கும்போது, நெகிழிப் பைகளோடு ஒட்டிக்கொண்டு மக்கும் பொருளில் 30 விழுக்காடு வெளியேறிவிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 25 கனமீட்டர். ஆலையும் ஒன்று, எடையும் ஒன்று. கிடைப்பதோ மூன்றில் ஒரு பங்கு.

வேறுபாடு 47 கனமீட்டர் மீத்தேன். அதன் வெப்ப ஆற்றல், 14.2 கிலோ வீட்டுச் சமையல் எரிவாயு உருளைகள் ஏறத்தாழ இரண்டரைக்குச் சமம். ஒவ்வொரு டன்னிலும் இந்த இரண்டரை உருளைகளை உண்டாக்குவது எந்த இறக்குமதி இயந்திரமும் அன்று. மக்கும் குப்பையை மக்காத குப்பையிலிருந்து பிரிக்கும் உழைப்பு.

நடப்பில் உள்ள ஓர் ஆலையைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையிலிருந்து சுமார் 17,000 கிலோ அழுத்தப்பட்ட எரிவாயு தரும் என அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் டன்னுக்குச் சுமார் 31 கிலோ. ஏறத்தாழ 43 கனமீட்டர். நமது 72-க்கும் 25-க்கும் இடையில் அது அமைகிறது. வீட்டுவாசலிலேயே பிரித்து வாங்கும் முறைக்குப் பெயர்பெற்ற நகரத்தின் ஆலைக்கே மதிப்பீடு இவ்வளவுதான் என்றால், கலந்த குப்பையை நம்பி டன்னுக்கு 80, 90 கனமீட்டர் மீத்தேன் என்று வாக்களிக்கும் அறிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

பிரிப்பது யார் கடமை, யார் கை?

பிரிக்கும் கடமையைச் சட்டம் குப்பையை உண்டாக்குபவர் மீதே வைத்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியது ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு என்று கூறின. ஆனால் வீடு பிரிக்கத் தவறும்போது நேர்வது என்ன? வீட்டுக்காரர் அதைத் தன் குப்பை என்று கருதுவதில்லை. வாசலைத் தாண்டியதும் அது அள்ளுபவரின் குப்பை ஆகிவிடுகிறது. தீட்டு என்ற கருத்து நகரத்தில் மறைந்துவிடவில்லை. குப்பைப் பையின் முடிச்சுக்குள் வாழ்கிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பவர் தூய்மைப் பணியாளர். தமிழ்நாட்டில் அவருள் பெரும் பகுதியினர் அருந்ததியர், ஆதிதிராவிடர் முதலிய பட்டியல் சாதிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

டன் எடைக்குக் கட்டணம் என்று எழுதப்படும் ஒப்பந்தத்தில் கல்லும் மண்ணும்கூட ஒப்பந்ததாரருக்கு வருமானமே. தூய்மையான மக்கும் குப்பைக்கு விலை வைக்காத ஒப்பந்தம், பிரிக்கும் உழைப்புக்கும் விலை வைக்காது. 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துச் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள்கள் போராடி, இறுதியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். அன்று அவர்கள் பேசியது பணிப்பாதுகாப்பையும் ஊதியத்தையும் பற்றி. மீத்தேன் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு நகரத்தின் எரிவாயுத் திட்டம் வெல்லுமா தோற்குமா என்பதும் அதே கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

அடியில் தங்கும் மணல்

இனி, அறிக்கைகள் பெரும்பாலும் பேசாத இரண்டாவது எண்: சாம்பல். நாளொன்றுக்கு 100 டன் கையாளும் ஆலையில் குப்பையுடன் இரண்டு விழுக்காடு மணல் சென்றாலும் நாளுக்கு 2 டன். ஆண்டுக்கு 730 டன். ஒரு பகுதி கசடோடு வெளியேறும். ஒரு பகுதி செரிகலனின் அடியில் படியும். மேலே நெகிழியும் நாரும் மிதந்து ஏடாகப் படரும். தொட்டியின் கொள்ளளவு ஆண்டுதோறும் சுருங்கும். பிறகொரு நாள் தொட்டியைத் திறந்தாக வேண்டும். இயந்திரம் எட்டாத மூலைக்கு ஒருவர் இறங்க வேண்டும் என்று யாரோ சொல்வார்கள்.

சுத்திகரிக்காத உயிரி எரிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு முதல் சில ஆயிரம் பங்கு வரை இருக்கக்கூடும். பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவே உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் மூக்கு மணத்தை உணரும் திறனையும் இழந்துவிடும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். வீட்டில் பிரிக்காத குப்பை, ஆய்வுக்கூடத்தில் பொருட்படுத்தாத சாம்பல், ஒப்பந்தத்தில் எழுதாத துப்புரவுச் செலவு ஆகிய மூன்றும் கடைசியில் ஒரு மனித உடலின் மீது வந்து இறங்குகின்றன.

அந்த உடல் யாருடையது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சாக்கடை, மலக்குழித் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் கணக்கெடுப்பில் 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், பாதுகாப்பற்ற அபாயத் துப்புரவைத் தடை செய்கிறது. ஆனால் அதன் வரையறை பாதாளச் சாக்கடை, மலக்குழி என்ற இரண்டை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. செரிகலன் அதில் இல்லை. சாக்கடை மரணங்களுக்கு 2014-இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. புதிய ஆலைகள் பெருகும்போது, அதே வாயு, அதே இருட்டு, அதே சாதி இருந்தும், தொட்டியின் பெயர் மட்டும் மாறியதால் இந்தப் பாதுகாப்புகள் கைநழுவிப் போக இடம் தரக் கூடாது. நச்சு வாயு நிறைந்த தொட்டிக்குள், சோதித்து எழுத்துப்பூர்வச் சான்று பெற்ற பின்னரோ, சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த பட்டையும் அணிந்தோதான் ஒருவர் இறங்கலாம் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 36-ஆம் பிரிவில் எழுதியிருந்தது. இந்த ஆபத்து அரசுக்குப் புதிதன்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் நகரத்தில் இத்தகைய திட்டம் அறிவிக்கப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விரிவான திட்ட அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பின்வருவனவற்றை அதில் தேடுங்கள்.

1. மாதிரி எத்தனை மண்டலங்களில், எத்தனை நாள்களில், எந்தப் பருவங்களில் எடுக்கப்பட்டது? அதைக் கையால் பிரித்தவர்கள் யார், எந்தப் பாதுகாப்புடன்?

2. மொத்தத் திண்மம், ஆவியாகும் திண்மம், சாம்பல் ஆகிய மூன்றும் தனித்தனியே தரப்பட்டுள்ளனவா?

3. எண் மீத்தேனைக் குறிக்கிறதா, உயிரி எரிவாயுவையா? பொது வெப்ப அழுத்த நிலைக்கு மாற்றப்பட்டதா? வெற்றுக் குப்பியும் செல்லுலோஸ் குப்பியும் வைக்கப்பட்டனவா?

4. கணக்கில் எடுத்துக்கொண்ட குப்பை, பிரித்ததா, கலந்ததா? பிரித்தது என்றால், பிரிப்பவருக்கான ஊதியம் செலவு அட்டவணையில் எந்த வரியில் உள்ளது?

5. ஆண்டுக்கு எத்தனை டன் மணல் படியும்? அதை மனிதர் இறங்காமல் அகற்றும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே உள்ளதா?

6. ஆலையில் உருவாகும் நிரந்தர வேலைகள் எத்தனை? குப்பை அள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஆய்வுக்கூடத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் இடம் உண்டா, அல்லது தொட்டியருகே மட்டும்தானா?

வேதியியல் மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் நம் வாசகர்களில் பலர் உண்டு. உலர்த்தும் அடுப்பும் உலையும் பல கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. தம் தெருவின் குப்பையை, உரிய கையுறையும் காப்பும் அணிந்து, தாமே பிரித்து எடை போட்டு, 105 பாகையிலும் 550 பாகையிலும் வைத்துப் பார்ப்பது ஓரிரு நாள் வேலை. அந்த இரண்டு எண்களோடு நகர்மன்றக் கூட்டத்திற்கோ பகுதி சபைக்கோ செல்பவரை, இது உங்களுக்குப் புரியாத தொழில்நுட்பம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.